அரசரின் தாயார் வீட்டில் இல்லை

டான்யூப் ஆற்றிலிருந்து ஓபுடா வீடுகளுக்கு முப்பத்தொரு வருடம் வண்டியில் தண்ணீர் கொண்டுபோனவன் நான். நான் வேலையை விட்ட வருடம் ஆறு இரண்டு சாண் உயர்ந்துவிட்டதாக மீன்காரர்கள் சொல்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

நான் தண்ணீர் ஊற்றிய வீடுகளிலேயே பெரியது ஒர்ஷோயா சீமாட்டியின் வீடு. அரசர் பாலிந்தைப் பெற்றவர். திஸா ஆற்றுச் சதுப்பு நிலத்தில் பிறந்தவர். பிறந்தபோது அழாமல் மருத்துவச்சியை அதட்டினார் என்று கேள்வி. பதினைந்து வயதில் கெலெமென் பிரபுவுக்கு வாழ்க்கைப்பட்டார். பிரபு தெற்கு எல்லையில் துருக்கியரோடு ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால், நான்கு கோட்டைகளையும் அறுநூறு குடியானவர்களையும் ஆயிரம் பன்றிகளையும் அம்மாதான் (ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும்) கட்டி மேய்த்தார். ஒரு தடவை, வீட்டில் ஆண்பிள்ளை இல்லை என்று பக்கத்துப் பிரபு ஒருவர் படையோடு கோட்டையைப் பிடிக்க வந்தார். உள்ளே இருந்தது ஏழே காவலர்கள். அதில் இரண்டு பேருக்கு மூட்டுவலி. அம்மா முந்நூறு வைக்கோல் பொம்மைகள் செய்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சமையல் சட்டியைக் கவிழ்த்து மதில்மேல் நிறுத்தினார். மூன்றாம் நாள் அந்தப் பிரபு ஒரு வைக்கோல் பொம்மையோடு சமாதானம் பேசிக்கொண்டிருந்ததை என் மாமா கண்ணால் பார்த்தார். பொம்மை கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லையாம்.

கணவர் போரில் இறந்தார். பிறகு பழைய அரசரும் வாரிசில்லாமல் இறந்து, சிம்மாசனம் காலியாகி, அடுத்து யாரை உட்கார வைப்பது என்று நாட்டின் பிரபுக்கள் அடித்துக்கொண்டபோது, நல்ல பனிக்காலத்தில் அம்மா குதிரை ஏறினார். பதினோரு பிரபுக்களின் வீட்டுக்கும் போனார். அவரவர் சமையலறையிலேயே அவரவருக்கு விருந்து சமைத்துப் போட்டு மடக்கினார். பன்னிரண்டாமவர் விரதத்தில் இருந்தார். அவரைக் கூடவே பட்டினி கிடந்து மடக்கினார். வசந்தம் வந்தபோது பதினெட்டு வயது பாலிந்த் எங்கள் அரசர்.

அம்மாவுக்கு அதன் பிறகுதான் கஷ்டகாலம் வந்தது. மகன் புடா குன்றின் மேல் அரண்மனைக்குப் போய்விட்டார். அம்மா ஓபுடா வீட்டிலேயே தங்கினார். ஆற்றோரமாகக் குதிரையில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நடுவில் தெபால்டோ நின்றார்.

தெபால்டோ இத்தாலியிலிருந்து வரவழைக்கப்பட்ட சடங்கு அதிகாரி. கொக்கு போல நெட்டையாக இருப்பார். கெட்டவர் இல்லை, ஒழுங்கானவர். எங்களுக்கு அதுதான் பழக்கமில்லை. எங்கள் பேச்சைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர் ஆதலால், அவர் வாயைத் திறந்தால் பிரசங்கம் ஆரம்பித்துவிட்டது என்று பாதிப்பேர் தொப்பியைக் கழற்றுவார்கள். அரசரை யாரும் தொடக்கூடாது, பெண்கள் யாரானாலும் பன்னிரண்டு அடி தள்ளி நிற்க வேண்டும் என்று ஒரு சிவப்புப் பட்டுக்கயிற்றைக் கட்டிவைத்தார். பதினோரு மாதத்தில் அம்மா மகனை நான்கு முறை பார்த்தார். நான்கு முறையும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று.

அப்படியே ஈஸ்டர் வந்தது. ஈஸ்டருக்கு மறுநாள் தண்ணீர்த் திங்கள். ஆண்கள் வாளியும் கையுமாக வீடு வீடாகப் போய்ப் பெண்களை நனைக்கிற நாள். அன்று நனையாத பெண் அந்த வருடம் முழுக்க வாடிப்போவாள். அதைவிட மோசம், அவளைத் தேடிவர ஒரு நாதி இல்லை என்று ஊர் பேசும். மதிய மணி அடித்து ஓயும்வரைதான் நேரம். பெண்களும் லேசில் அகப்பட மாட்டார்கள், ஒளிந்துகொள்வார்கள். ஒளிவதில் அம்மாவை மிஞ்ச நாட்டில் ஆள் கிடையாது. ஒரு வருடம் புகைபோக்கிக்குள் இருந்தார். ஒரு வருடம் வாத்துக் கொட்டிலில். இன்னொரு வருடம் பாதிரியாரின் அங்கியைப் போட்டுக்கொண்டு, மூன்று பேருக்குப் பாவமன்னிப்பே கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை நான் சமையலறைத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சமையற்காரி பொர்பாலா பன்றித்தொடையை வேகவைத்துக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளே வந்து ஒரு கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தார்.

"பெனெ, நீயும் கேட்டுக்கோ. திங்கக்கிழமை மணி ஓயறதுக்குள்ள என் பையன் வந்து என்னை நனைக்கணும். வரலைன்னா செவ்வாக்கிழமை காலைல முயல் தீவு மடத்துக்குப் படகு. படகுக்காரன்கிட்ட சொல்லியாச்சு."

"நீங்களா? கன்னியாஸ்திரியாவா?" என்றேன். "நாலே நாள்ல அந்த மடத்துத் தலைவி நீந்தியே கரைக்கு வந்துடுவாங்களே அம்மா!"

"அப்புறம் இவங்கதான் தலைவி," என்றாள் பொர்பாலா. "ஒரு மாசத்துல மடத்துக்கு ஒரு படை இருக்கும்."

வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்கு அம்மா கரண்டியை எடுத்து வீசுவார். அன்று வீசவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"சிரிக்காதீங்க," என்றார். "நாலு வயசுல இருந்து வருஷம் தவறாம ஊத்தினவன். முதல் தடவை கரண்டியில கொண்டு வந்தான். வர்ற வழியிலயே பாதி சிந்திடுச்சு, மீதியை என் மூக்குல ஊத்தினான். இந்த வருஷம் அவன் வரலைன்னா, நாட்டுக்கு ராஜா கிடைச்சாச்சு, எனக்குப் பிள்ளை போயிட்டான்னு அர்த்தம். பிள்ளை இல்லாதவளுக்கு இவ்வளவு பெரிய வீடு எதுக்கு, இவ்வளவு நீளத்துக்கு முடி எதுக்கு?"

கத்தரிக்கோலை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை நான் தண்ணீரைத் தொட்டிகளில் ஊற்றி முடித்து, காலிப் பீப்பாயோடு வண்டியைக் கொல்லையில் நிறுத்திவிட்டு, பொர்பாலாவின் பன்றித்தொடையை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தேன். பொர்பாலா அதற்குள் நான்கு தடவை நனைந்திருந்தாள். நான்காவது ஆள் யார் என்று கேட்டதற்கு அவள் சிவந்த சிவப்பில் அடுப்பே தேவையில்லை. அம்மாவை மட்டும் யாரும் நனைக்கவில்லை. அது மகனுக்குரிய இடம் என்று ஊருக்கே தெரியும்.

மதியத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது எக்காளம் கேட்டது. ஜன்னலுக்கு ஓடினேன். அறுபது குதிரை வீரர்கள். நடுவில் வெள்ளைக் குதிரையில் அரசர் பாலிந்த். அவருக்கு முன்னால் ஒருவன் பட்டுத் தலையணைமேல் ஒரு வெள்ளிச் செம்பை வைத்து, அது தளும்பாமல், மூச்சுக்கூட விடாமல் வந்துகொண்டிருந்தான். செம்பில் பன்னீர். அரசர் தாயார் தலையில் மூன்றே மூன்று துளி தெளிப்பது என்று தெபால்டோ ஏற்பாடு செய்திருந்தாராம்.

"அம்மா, வந்துட்டாரு!" என்று கத்திக்கொண்டே திரும்பினேன். அம்மாவைக் காணோம். கண்ணிமைக்கும் நேரத்துக்கு முன்னால் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப்பார்த்தவர். பொர்பாலா மட்டும் மூச்சு வாங்கக் கொல்லைக் கதவு வழியாக வந்து கையைத் தட்டிக்கொண்டாள்.

"எங்க அவங்க?"

"உன் வேலையைப் பாரு."

வாசல் கதவு தட்டப்பட்டது. பொர்பாலா ஒரு விரல் அளவுக்குத் திறந்தாள். வெளியே தெபால்டோ.

"மாட்சிமை பொருந்திய அரசரின் அன்னையார் இல்லத்தில் உள்ளாரோ?"

"இல்ல," என்றாள் பொர்பாலா.

"இல்லையா?"

"இல்லவே இல்ல."

"எப்பொழுது திரும்புவார்?"

"அவங்க இந்த ஊர்லயே இல்ல!" என்று சொல்லிக் கதவை அறைந்து சாத்தினாள்.

எங்கள் ஊரில் அன்று காலை இந்த 'இல்ல' கேட்காத வாசலே கிடையாது. ஒரு தடவை 'இல்ல' என்றால் கட்டிலுக்கு அடியில் இருக்கிறாள். இரண்டு தடவை என்றால் பரணில் இருக்கிறாள். மூன்று தடவை என்றால், இன்னும் ஏனடா வாசலில் நிற்கிறாய், கதவை உடைத்துக்கொண்டு வா என்று பொருள். தொட்டில் குழந்தைக்கும் தெரியும். தெபால்டோ மூடிய கதவுக்கு ஒரு வணக்கம் வைத்தார். குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். திரும்பிப் போய் அரசரிடம் சொன்னார்.

ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். அரசரின் முகம் பத்து வயது குறைந்து, அழப்போகிற பிள்ளையின் முகமாகிவிட்டது. எக்காளம் ஊதினார்கள். அறுபது குதிரைகளும் திரும்பின.

"ஐயையோ, போறாங்களே!" என்று பொர்பாலா அலறினாள். "தேடாமப் போறாங்களே! அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

எனக்குக் கண்ணுக்கு முன்னால் அந்தக் கத்தரிக்கோல்தான் தெரிந்தது. கொல்லைக்கு ஓடி வண்டியில் ஏறினேன். என் கால்களை நம்பிப் புறப்பட்டிருந்தால் அடுத்த ஈஸ்டருக்குத்தான் போய்ச் சேர்ந்திருப்பேன். என் குதிரையின் பெயர் புயல். பன்னிரண்டு வருடத்தில் அது ஒரு நாளும் ஓடியதில்லை. அன்று அதன் காதில் நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. ஓடியது.

பின்னாலேயே பொர்பாலா பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "பெனெ! நில்லுடா! பீப்பா! பீப்பா!"

"காலிதான்! பாரமில்ல, வேகமாப் போயிடும்!" என்று கத்தினேன்.

ஆனால் காலி வண்டி மாதிரி அது போகவில்லை. புயல் மூச்சிரைத்தது. குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் பின்னால் தொம் தொம்மென்று சத்தம். பலகை ஏதோ தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். நடுநடுவே யாரோ என் அப்பன் பெயரைச் சொல்லி என்னைத் திட்டுவது போலவும் கேட்டது. என் மனச்சாட்சி என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் அப்படித்தான் பேசும்.

வெள்ளிச் செம்பு தளும்பக் கூடாது என்று ஊர்வலம் நத்தையாகப் போய்க்கொண்டிருந்ததால், ஆற்றங்கரை வில்லோ மரங்களுக்குப் பக்கத்தில் பிடித்துவிட்டேன். ஈட்டிகள் குறுக்கே வந்தன. தெபால்டோ குதிரையைத் திருப்பினார்.

"அரசரின் பாதையில் தண்ணீர்க்காரன் குறுக்கிடுதல் முறையன்று."

"நீங்க செஞ்சது மட்டும் முறையா? ராஜா!" என்று அவர் தலைக்கு மேலாகக் கத்தினேன். "ராஜா, நான் பெனெ!"

சின்ன வயதில் என் வண்டியில் தொற்றிக்கொண்டு ஊர் சுற்றியவர்தான். திரும்பிப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"விடு பெனெ. அம்மாவுக்கு என்னைப் பார்க்க இஷ்டமில்லையாம். நியாயம்தான். பதினோரு மாசமா கயிறு கட்டி வச்சா யாருக்குத்தான் கோபம் வராது?"

"இஷ்டமில்லைன்னு யார் சொன்னா?"

"இவர்தான்."

"ஐயா," என்று தெபால்டோவிடம் கேட்டேன், "பொர்பாலா என்ன சொன்னா? அவ வாயில வந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்க."

அவர் குறிப்பேட்டைப் பிரித்தார். ஒழுங்கானவர் என்று முன்பே சொன்னேனே. "முதலில், இல்லை. பின்னர், இல்லவே இல்லை. இறுதியாக, இந்த ஊரிலேயே இல்லை."

அரசரின் வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

"மூணு தடவையா?"

"மும்முறை, மாமன்னரே. ஐயத்துக்கு இடமின்றி."

முதலில் சிரித்தது செம்பு தூக்கியவன். பன்னீர் பாதி அங்கேயே போய்விட்டது. அப்புறம் அறுபது பேரும் சிரித்த சிரிப்பில் ஆற்றின் அக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் வீட்டைப் பார்த்து ஓடின. தெபால்டோ மட்டும் குறிப்பேட்டை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தார். அரசர் குதிரையிலிருந்து குதித்தார்.

"மணி அடிக்க எவ்வளவு நேரம் இருக்கு பெனெ?"

"இப்பவோ இன்னும் கொஞ்ச நேரத்துலயோ."

"வீட்டுக்குப் போய்த் தேடணுமே! அவங்களைத் தேடிப் பிடிக்க அரை நாள் ஆகுமே! இந்தப் பன்னீரு யாருக்கு வேணும், ஒரு வாளி தண்ணி குடு, கையிலயே எடுத்துட்டு ஓடறேன்."

"காலி பீப்பாய்தான் ராஜா."

"அடியிலயாவது கொஞ்சம் இருக்கும்." ஒரே தாவில் வண்டிமேல் ஏறிப் பீப்பாயின் மூடியைத் தூக்கினார்.

உள்ளே இருந்து அவர் அம்மா அவரைப் பார்த்தார். தலைப்பட்டை ஒரு காதில் தொங்கியது. நெற்றியில் ஒரு புடைப்பு. அதற்கு நான் பொறுப்பல்ல, பாதைதான் பொறுப்பு. பதினோரு மாதம் கழித்து இரண்டு பேருக்கும் நடுவே பன்னிரண்டு அடி இல்லை, ஒரு முழம்கூட இல்லை. அம்மாதான் ஆரம்பித்தார்.

"என்னடா இப்படி இளைச்சுப் போயிட்ட? அரண்மனையில சோறு போடறாங்களா, இல்ல பாட்டு மட்டும் பாடறாங்களா?"

"அம்மா," என்றார் அரசர்.

அந்த நேரம் பார்த்துக் கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது.

"தண்ணி!" என்று அரசர் அலறினார்.

"மொதல்ல என்னை வெளிய தூக்குடா! பெனெ, உன்னை நான் அப்புறம் கவனிச்சுக்கறேன்!"

அகப்பட்ட பெண் ஓட வேண்டும். அதுதான் முறை. ஓடாமல் நின்று வாங்கிக்கொண்டால் நனைத்ததாகக் கணக்கில்லை. அரசர் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்து இழுக்க, அம்மா பீப்பாயிலிருந்து வெளியே வந்து, கீழே குதித்து, "ஐயோ காப்பாத்துங்க, ஐயோ காப்பாத்துங்க!" என்று முறைப்படி கூவிக்கொண்டு ஓடினார். ஊர்ப்பக்கம் ஓடவில்லை. நேராக ஆற்றைப் பார்த்து ஓடினார்.

அரசர் என் வாளியைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் ஓடினார். அவருக்குப் பின்னால் தெபால்டோ, "கூடாது! அரசர் ஓடுதல் கூடாது! வாளி தூக்குதல் கூடவே கூடாது!" என்று நெட்டைக் கால்களால் தாவித் தாவி ஓடினார். அவருக்குப் பின்னால் நான். எங்களுக்குப் பின்னால் அறுபது வீரர்களும் வில்லோ கிளைகளில் ஏறி, வேடிக்கை பார்க்க இடம் பிடித்தார்கள்.

மணி நிற்கவில்லை. மணியடிக்கிற பால்ஃபி மேலே கோபுரத்திலிருந்து ஆற்றங்கரையைப் பார்த்துவிட்டான். பார்த்தவன், இவர்கள் முடிக்கும்வரை கயிற்றை விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டான். அன்று ஓபுடாவில் மணி அடித்த நேரத்தில் ஒரு கோழியை அடித்து, சமைத்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டிருக்கலாம்.

அரசர் ஆற்றில் ஒரு வாளி மொண்டார். அம்மா கரையில் நின்று, ஓடி ஓடி இளைத்தவர் மாதிரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"சும்மா ஊத்தினா ஆச்சா? பாட்டு எங்கடா?"

அரசர் விறைப்பாக நின்றார். பிரபுக்கள் சபையில் பேசும்போதுகூட அவர் குரல் அப்படி நடுங்கியதில்லை.

"வாசல்ல ஒரு ரோஜாப்பூ
வாடிப் போச்சுன்னு சொன்னாங்க;
வாளி நிறையக் கொண்டாந்தேன்,
ஊத்தட்டுமா, வேணாமா?"

"வேணாம் வேணாம்!" என்றார் அம்மா, கண்ணை மூடி முகத்தை நன்றாக நிமிர்த்திக்கொண்டு.

அரசர் வாளியை வீசினார். சரியாக அதே கணத்தில் தெபால்டோ குறுக்கே வந்து இரண்டு கைகளையும் விரித்து, "கூடாது!" என்றார். 'கூ' மட்டும்தான் கேட்டது. மீதியை டான்யூப் விழுங்கியது. தொப்பியிலிருந்த மயிலிறகு மூக்கில் ஒட்டிக்கொள்ள, அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பாவம், வெளியூர்க்காரர்," என்றார் அம்மா. "இன்னொண்ணு மொள்ளுடா, சுருக்கா. பால்ஃபிக்குக் கை வலிக்கும்."

இரண்டாவது வாளி அம்மா தலையில் முழுசாக இறங்கியது. மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதை அம்மா பிடுங்கி மகன் தலையில் கொட்டினார். பெண்கள் திருப்பி ஊற்றுவது மறுநாள்தான் முறை. முறை தவறியதை யாரும் குறிப்பெடுக்கவில்லை, குறிப்பேடு ஈரமாகிவிட்டது. பிறகு இரண்டு பேரும் கரைச்சேற்றில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு ஓவென்று சிரித்தார்கள், இல்லை அழுதார்கள். முகமெல்லாம் தண்ணீராக இருந்ததால் எது என்று எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் பால்ஃபி கயிற்றை விட்டான்.

"மடத்துக்குப் போகப் போறதா பெனெ சொல்றானே அம்மா," என்றார் அரசர். அம்மாவைப் பீப்பாயிலிருந்து இழுக்கும்போதே அதை நான் அவர் காதில் போட்டு வைத்திருந்தேன்.

"போறேன்னுதான் சொன்னேன். இப்ப பாரு, முடி சொட்டச் சொட்ட நனைஞ்சு கிடக்கு. ஈர முடிய எவ வெட்டுவா?" அம்மா மூக்கை உறிஞ்சினார். "அந்தக் கயிறு?"

"இன்னிக்கே அவிழ்க்கறேன்."

"அவிழ்த்து எனக்கு அனுப்பு. நல்ல பட்டு. தூக்கிப் போட்டுடாத."

வீட்டுக்கு வந்ததும் பொர்பாலா என்னை அடித்தாள், அரசரை முத்தமிட்டாள், பிறகு ஆட்டுக்குட்டி சூப்பை இறக்கினாள். அரசர் ஈர பூட்ஸைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை அடுப்புப் பக்கம் நீட்டிக்கொண்டு, மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டார். அம்மா பின்னால் நின்று, மகன் தலையை ஒரு துணியால் தோல் உரிகிற மாதிரி துவட்டினார்.

தெபால்டோ என்னுடைய கால்சட்டையில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அது அவருக்கு முழங்காலோடு நின்றுவிட்டது. நான் பொர்பாலாவின் பாவாடையில் இருந்தேன். எனக்கு நன்றாகவே இருந்தது. அவர் ரொம்ப நேரம் அந்தத் துவட்டலைப் பார்த்துவிட்டுப் பொர்பாலா பக்கம் குனிந்தார்.

"அரசரின் சிரத்தை இவ்வண்ணம் உலுக்கும் உரிமை எப்பதவிக்கு உரியது?"

"அம்மா பதவிக்கு."

"அப்பதவி எவ்விடத்தில் நிற்க வேண்டும்?"

"அவங்க நிக்கிற இடத்துல. இன்னும் கொஞ்சம் சூப்பு ஊத்தவா? அந்தக் கார வேரைத் துருவிப் போட்டுக்குங்க, மூக்கு திறக்கும்."

போட்டுக்கொண்டார். மூக்கு திறந்தது, கண்ணும் திறந்தது. கண்ணீர் வழிய, இன்னொரு கிண்ணம் கேட்டார்.

"எத்தனை நாள் இருப்ப?" என்று அம்மா மகனிடம் கேட்டார், என்னவோ சும்மா கேட்பது போல.

"சாயங்காலம் வரைக்கும் அம்மா. நாளைக்கு ஆலோசனை சபை இருக்கு."

"சரி, இரு. சாயங்காலம் எப்பங்கறதை நான் சொல்றேன்."

ஒன்பது நாள் கழித்துச் சொன்னார். அரசர் இல்லாமல் நாட்டுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அறுபது குதிரைகளுக்கும் மூன்று வேளையும் தண்ணீர் சுமந்து நான்தான் இடுப்பொடிந்தேன். நான்காம் நாள் புயல் என் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டது.